ஆயிரம் கணினியும் ஒரு வாஷ் நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரிணாம அல்காரிதங்களை (விடைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் கணினி முறைகளை) மேகக் கணிமையின், அதாவது இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளின், துணையோடு பெரிய அளவில் ஓட்டுவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பூருக்கு அருகே ஒரு சாயப்பட்டறையில் பல ஆண்டுகளாக உற்பத்தித் திட்டமிடல் பார்ப்பவன் நான்; அந்த வேலைக்கே இப்படியொரு நிரலை வாடகைக் கணினிகளில் ஓட்டிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவனும்கூட. கணினிகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட விடை தானாகச் சிறக்கும் என்று கட்டுரை சொல்கிறது. ஆகவே இது சர்வர் அறை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும், சிறு பட்டறைகள் எட்ட நின்று பார்க்க வேண்டியதுதான் என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

இந்த முறைக்கு அடிப்படையான கருத்து 1960-களில் பெர்லினில் ரெக்கன்பெர்க், ஷ்வேஃபல் ஆகியோரிடமும், பின்னர் 1975-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் ஹாலந்து வெளியிட்ட நூலிலும் உருப்பெற்றது என்று கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் அதை விளக்க அவர் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. கோவையில் 1912 முதல் இயங்கிவரும் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் காட்டியிருந்தாலே நம் பக்கத்து வாசகர்களுக்கு எளிதில் விளங்கியிருக்கும். பார்பரும் வெங்கடராமனும் அங்கே உயர்ரகக் கரும்பைக் காட்டு இனத்தோடு கலந்து, பிறந்த நாற்றுகளில் தேறியவற்றை மட்டும் எடுத்து, 1918-இல் கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள்; பின்னர் வந்த ரகங்களுக்குத் தேறியவற்றை மறுபடி கலந்தார்கள். கணினியில் நடப்பதும் இதுவேதான். விடைகளின் கூட்டமொன்றை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தகுதி மதிப்பெண் போட்டு, தேறியவற்றைக் கலந்து, அங்கங்கே சிறு சடுதிமாற்றம் செய்து, அடுத்த தலைமுறையை எடுக்கிறோம்.

அந்த நிலையத்தின் இன்னொரு வழக்கம் இந்தக் கடிதத்தின் பொருளுக்கு நேரடியாகவே தொடர்புடையது. கரும்பு பூத்து நல்ல விதை பிடிப்பதற்குக் கோவையின் தட்பவெப்பம் ஒத்துவருகிறது. வட மாநிலங்கள் பலவற்றில் அப்படி இல்லை. ஆகவே நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் பூக்கும் பருவத்தில் இங்குள்ள தேசியக் கலப்பினத் தோட்டத்துக்கு வந்து, தங்களுக்கு வேண்டிய கலப்புகளைச் செய்து, பஞ்சு போன்ற அந்த விதையைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்று விதைத்துத் தேர்வு செய்கிறார்கள். கலப்பது ஓரிடத்தில் நடக்கிறது. சோதிப்பது அந்தந்த மண்ணில், அந்தந்தத் தண்ணீரில் நடக்கிறது. பரிணாமக் கணக்கைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் கண்டதில்லை.

இனி எங்கள் தொழிலின் கணக்குக்கு வருகிறேன். துணிக்குச் சாயமேற்றும் ஒரே சாஃப்ட் ஃப்ளோ மிஷினில் ஓட வேண்டிய பத்து லாட்டுகளை, அதாவது ஒன்றாகச் சாயமேற்றும் துணித் தொகுதிகளை, வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உள்ளன. நாற்பது லாட்டுகள் என்றால் வழிகளின் எண்ணிக்கை 48 இலக்க எண்ணாகிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாது என்பதால்தான் பரிணாம முறையை நாடுகிறோம். ஒரு வரிசையைப் பழைய இரண்டு ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட ஆறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு 200 பேர் (அதாவது 200 வரிசைகள்), 300 தலைமுறை என்றால் 60,000 மதிப்பீடுகள். ஒரு கணினிக்கு அது 100 மணி நேர வேலை. ஒரு வரிசையின் மதிப்பெண்ணுக்கும் இன்னொன்றின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிடையாது என்பதால் அவற்றை ஐம்பது கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். கட்டுரையாளர் இந்த வகுத்தல் கணக்கோடு நின்றுவிட்டார்.

நடைமுறையில் அப்படி வகுபடுவதில்லை. மதிப்பெண் போடுவதைப் பிரித்தாலும், எல்லா மதிப்பெண்களையும் ஓரிடத்தில் திரட்டுவது, தேர்ந்தெடுப்பது, கலப்பது போன்றவை ஒருவரே செய்ய வேண்டியவையாக நின்றுவிடுகின்றன. மொத்த வேலையில் அவ்வாறு பிரிக்க முடியாத பங்கு நூற்றுக்கு ஐந்து இருந்தாலே, எத்தனை ஆயிரம் கணினிகளைச் சேர்த்தாலும் வேகம் இருபது மடங்கைத் தாண்டாது என்பது கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967-இலேயே எடுத்துக்காட்டிய கணக்கு. மேலே சொன்ன 100 மணி நேரம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. இதற்கு மேல் இன்னொரு தொல்லை உண்டு. கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரர் பாயசத்தை முடித்து எழும்வரை அடுத்த பந்தி வாசலில் காத்து நிற்பதைப் போல, ஐம்பது கணினிகளில் ஒன்று பின்தங்கினாலும் மற்ற நாற்பத்தொன்பதும் வாடகை ஏறச் சும்மா இருக்கும். பந்தி முறையைக் கைவிட்டு, எந்த இலை காலியாகிறதோ அங்கே அடுத்தவரை உட்கார வைப்பதுதான் தீர்வு. மதிப்பெண் வந்த விடையை உடனே கூட்டத்தில் சேர்த்து, தேறாத ஒன்றை வெளியேற்றி, அந்தக் கணினிக்குப் புதிய வேலை கொடுத்துவிட வேண்டும். எங்கள் நிரலில் நாங்கள் செய்த மாற்றங்களில் வாடகையை மிகுதியாகக் குறைத்தது இதுதான்.

தரவு மிகுந்த கணிமை பற்றிய பகுதியிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்து அலசுவதற்காக 2004-இல் கூகுள் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் முறையும், அதைப் பின்பற்றி 2006 முதல் வளர்ந்த ஹடூப் என்ற மென்பொருளும், தரவை நிரலிடம் இழுத்து வராமல் நிரலைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்பும் முறையில் எழுந்தவை. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பை வண்டியேற்றி அலையாமல் ஆலையைக் காட்டிலேயே போட்டு ஆட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே எண்ணம்தான். மலைபோல் குவிந்த தரவை ஒரே முறை சலித்தெடுக்க அது மிகப் பொருத்தமானது. பரிணாமக் கணக்கோ நூற்றுக்கணக்கான தலைமுறைகள் சுற்ற வேண்டியது. ஹடூப்பில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாம் வட்டில் எழுதப்பட்டு, அடுத்த சுற்றுக்கு மறுபடி படிக்கப்படுகிறது. ஒவ்வொரு பந்திக்கும் பாத்திரங்களைக் கழுவிக் களஞ்சியத்தில் அடுக்கிப் பூட்டிவிட்டு மறுபடி திறந்து எடுத்து வருவதற்கு ஒப்பான வேலை இது. தரவை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு சுற்றும் ஸ்பார்க் என்ற மென்பொருள், பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிறகுதான் இந்த வகை வேலைக்கு ஒரு வழி பிறந்தது. கட்டுரை ஹடூப்பையும் ஸ்பார்க்கையும் ஒரே மூச்சில் ஒன்றாகச் சொல்லிவிட்டது.

கணினிகளைக் கூட்டி உண்மையிலேயே பயன் கண்ட எடுத்துக்காட்டு ஒன்றை நானே தருகிறேன், ஏனெனில் அதிலிருந்து கற்க வேண்டியது வேறு. 2017-இல் ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், ரெக்கன்பெர்க் வழிவந்த பரிணாம உத்தியைக் கொண்டு, கணினிக்குள் உருவாக்கிய மனித உருவம் ஒன்றை நடக்கப் பழக்கினார்கள். 18 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட ஒற்றைக் கணினியில் 657 நிமிடம் பிடித்த வேலை, 1,440 கோர்களில் பத்து நிமிடத்தில் முடிந்தது. எண்பது மடங்கு கோர்களுக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து மடங்கு வேகம் என்பது அரிதான விளைவு. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை அவர்கள் ஏறத்தாழ ஒழித்துவிட்டதுதான் இதற்குக் காரணம். எந்தக் கணினி எந்தச் சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தும் என்பது எல்லாக் கணினிகளுக்கும் முன்கூட்டியே தெரியும். ஆகவே நெடிய விடைகளை அனுப்பாமல் மதிப்பெண் என்ற ஒரேயொரு எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், மற்றதை ஒவ்வொன்றும் தானே கட்டியெழுப்பிக்கொள்ளும். இதைப் படித்தபோது, காசைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலையாமல் துண்டுச் சீட்டிலேயே கணக்கை முடித்துக்கொண்ட பழைய பஞ்சு வியாபாரிகள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

சிறு பட்டறைகளுக்கு இது எட்டாது என்ற கருத்து தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம், வாடகைக் கணினிகளில் மிக மலிவான வகைக்கு இந்த முறையே மிக ஒத்துப்போகிறது என்பதுதான். அமேசான் 2006-இல் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2009 முதல், ஆளில்லாமல் கிடக்கும் கணினிகளை ஸ்பாட் என்ற பெயரில் பெருந்தள்ளுபடியில் விடுகிறது. ஆடித் தள்ளுபடிக்கு இருப்பதைப் போல இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: முழு வாடகை தருபவர் வந்துவிட்டால் இரண்டு நிமிட முன்னறிவிப்போடு கணினியைப் பறித்துக்கொள்வார்கள். பாதியில் நின்றால் கெட்டுவிடும் வேலைகளுக்கு அது ஆபத்து. பரிணாமக் கணக்கில் இருபது கணினிகளில் இரண்டு போனால் கூட்டத்தில் சிலர் போவார்கள், அவ்வளவுதான். எஞ்சியவர்களின் வழித்தோன்றல்கள் இடத்தை நிரப்பிவிடுவார்கள். நாற்றங்காலில் சில நாற்றுகள் பட்டுப்போனதற்காக நடவை நிறுத்துகிறவர் உண்டா? (பறிபோவதைவிடப் பெரிய நட்டம் ஒன்று எனக்கு நேர்ந்தது. வேலை முடிந்தும் கணினிகளை நிறுத்த மறந்து, ஆயுத பூஜை விடுமுறை மூன்று நாளும் அவற்றை வெறுமனே ஓடவிட்டேன். எங்கள் முதலாளி அதை இன்னும் மறக்கவில்லை.)

கூட்டத்தை ஒரே இடத்தில் வைக்காமல், ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு கூட்டத்தைத் தனியே வளரவிட்டு, எப்போதாவது ஓரிரு நல்ல விடைகளை மட்டும் பக்கத்துக் கணினிக்குக் குடிபெயர்ப்பதைத் தீவு முறை என்பார்கள். 1999-இல் ஆராய்ச்சியாளர் ஜான் கோசா 1,000 பென்டியம் கணினிகளை இணைத்து மரபு நிரலாக்கம் (நிரல்களையே பரிணாம முறையில் வளர்ப்பது) செய்தபோதும் இவ்வாறே பிரித்துத்தான் வளர்த்தார். இதில் செய்திப் போக்குவரத்து குறைகிறது என்பது பாதி நன்மைதான். மறு பாதி, ஒரே வகை விடை எல்லா இடத்தையும் விரைவில் பிடித்துவிடாமல் தடுப்பது. பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கரும்பிலேயே சான்று இருக்கிறது. கோவை நிலையத்தின் கர்னால் கிளையில் உருவாகி 2009-இல் வெளிவந்த கோ 0238 மிகச் சிறந்த ரகம். அதனாலேயே உத்தரப்பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியை அது ஒன்றே நிரப்பியது. பிறகு செவ்வழுகல் நோய் வந்தபோது அடியும் அதே அளவுக்குப் பரந்து விழுந்தது. குடிபெயர்ப்பை மிகுதியாக்கினால் நூறு தீவுகளும் ஒரே தீவாகிவிடும், நூறு கணினிக்குக் கொடுத்த வாடகையும் வீண். எத்தனை தலைமுறைக்கு ஒரு முறை, எத்தனை பேர் என்ற முடிவைக் கணினிகளின் எண்ணிக்கையைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் நாங்கள் தோற்றோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுதத் தொடங்கினேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் மாசுபாட்டுக்காகச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், துளி கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே தொழில் மீண்டு எழுந்ததும் தங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததே. பயன்படுத்தும் ஒவ்வொரு லிட்டரையும் சவ்வூடு வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்க வேண்டிய எங்களுக்குத் தண்ணீரைப் போலச் செலவு வைப்பது வேறொன்றில்லை. ஆகவே தண்ணீர், மிஷின் சும்மா நிற்கும் நேரம், டெலிவரித் தாமதம் ஆகிய மூன்றையும் தகுதி மதிப்பெண்ணில் வைத்தோம். கான்பூர் ஐஐடியில் கல்யாண்மய் தேப் தம் மாணவர்களோடு 2002-இல் வெளியிட்ட, உலகெங்கும் பயன்படும் என்எஸ்ஜிஏ-2 முறையை எடுத்துக்கொண்டோம். அது ஒரே விடை என்று அடம் பிடிக்காமல், தண்ணீரில் மிச்சம் பிடிப்பது, நாளில் மிச்சம் பிடிப்பது என்று ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் விடைகளின் வரிசையையே கையில் தரும். இரவு முழுவதும் ஓடி, காலையில் வந்த திட்டம் எல்லா எண்ணிலும் அழகாக இருந்தது. அச்செடுத்து, சாயமேற்றும் வேலையை மேற்பார்க்கும் டையிங் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏழாம் நம்பர் மிஷின் பத்தியில் விரலை வைத்துக் கேட்டார்: "ஏனுங்க, கருப்பு ஓட்டுன மிஷின்ல அடுத்ததா கிரீம் போடச் சொல்லுதுங்களே, அந்தத் துணிய யாருக்குங்க அனுப்பறது?"

வெள்ளையிலிருந்து வெளிர் நிறம், அதிலிருந்து நடுத்தரம், கடைசியில் அடர் நிறம் என்று போவதும், அடர் நிறத்துக்குப் பின், ஒட்டிய சாயத்தை நீக்கும் காஸ்டிக், ஹைட்ரோஸ் ஆகிய வேதிப்பொருள்களைப் போட்டு மிஷினைக் கொதிக்கவைத்துக் கழுவிய பிறகே மறுபடி வெளிர் நிறத்துக்கு வருவதும் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கிலோவுக்கு ஆறு லிட்டர் என்ற விகிதத்தில் ஓடும் 300 கிலோ மிஷினை ஒரு முறை நிரப்பினாலே 1,800 லிட்டர் ஆகிறது. அந்தக் கழுவலுக்கான தண்ணீரும் நேரமும் எங்கள் கணினியில் லாட் வாரியாக ஏறவே இல்லை. ஷிஃப்ட் ஆட்கள் அதை மிஷினுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் வாஷ் நோட்டில் மட்டும் எழுதி வந்தார்கள். கழுவுவதற்குச் செலவே கிடையாது என்று நாங்களே நிரலுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அது கருப்பையும் கிரீமையும் தன் வசதிக்கு மாற்றி மாற்றி அடுக்கியதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்க விரும்பவில்லை. விடை இன்னும் முதிரவில்லை போலும் என்று எண்ணி, எட்டாக இருந்த கணினிகளை நாற்பதாக்கினேன். முன்பு காலையில் வந்த அதே தவறான திட்டம், இன்னும் கூர்மையாகி, நள்ளிரவுக்கு முன்பே வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் நோட்டுகளைக் கீழே இறக்கி, "கொ.வா", "சா.வா" என்று சுருக்கெழுத்தில் இருந்த கழுவல்களை இரண்டு பேர் உட்கார்ந்து ஆறு வாரம் தட்டச்சு செய்தோம். அடுத்த முறை எட்டுக் கணினிகளே போதுமாக இருந்தன. வந்த வரிசை பெரும்பாலும் மாஸ்டர் தலைக்குள்ளிருந்து போடும் வரிசைதான். சில இடங்களில் மட்டும், அனுப்புவதற்கு மூன்று நாள் மீதமிருக்கும் ஒரு பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) கருப்பைப் பொறுக்கவைத்து, வேறொரு பார்ட்டியின் நேவிக்குப் பின்னால் போட்டு, ஒரு கழுவலை மிச்சப்படுத்தியிருந்தது. முதலில் வந்த பார்ட்டி சத்தம் போடுவார் என்பதால் மாஸ்டர் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறார்.

அண்மைக்கால எடுத்துக்காட்டும் இதையே காட்டுகிறது. 2025-இல் கூகுள் டீப்மைண்ட் அறிவித்த ஆல்ஃபாஎவால்வ், மொழி மாதிரியையும் பரிணாமத் தேர்வையும் சேர்த்து, நான்குக்கு நான்கு கலப்பெண் அணிகளை (எண்களின் கட்ட அடுக்குகளை) 48 பெருக்கல்களில் பெருக்கும் வழியைக் கண்டது. கணிதவியலாளர் ஸ்ட்ராசன் 1969-இல் தந்த வழியில் அதற்கு 49 தேவைப்பட்டது. பெருக்கல் சரியா தவறா என்பதை மனிதர் தலையீடின்றி நிரலே முழுமையாகச் சரிபார்த்துவிடும் துறை அது. எங்கள் ஏழாம் நம்பர் மிஷினுக்கு அப்படிச் சரிபார்ப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிற அந்த மனிதர் மட்டுமே.

தாங்கள் அனுமதித்தால் ஒரு யோசனையையும் முன்வைக்கிறேன். திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பட்டறைகள் தங்கள் பதிவுகளை ஒரே இடத்தில் கொட்டிப் பகிரமாட்டா. பார்ட்டி பெயரும் ரெசிபியும் வெளியே போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இன்றைய நாற்பது லாட்டுக்கான வரிசையை வளர்க்காமல், எந்த லாட்டை எப்போது முன்னே எடுப்பது என்ற விதியை வளர்ப்பதும் இதே முறையில் இயலும். விதி என்பது சில வரி நிரல்தான். அதில் யாருடைய பெயரும் இல்லை. ஒவ்வொரு பட்டறையும் ஒரு தீவாக இருந்து, தன் பதிவுகளைத் தன் கணினியிலேயே வைத்து மதிப்பெண் போட்டுக்கொண்டு, தேறிய விதிகளை மட்டும் மாதம் ஒரு முறை மற்றவர்களுக்கு அனுப்பினால் போதும். கலப்பினத் தோட்டத்திலிருந்து விதை போகிறது, வயல் போவதில்லை.

அதற்கு முன் ஒரு சில்லறை வேலை பாக்கி இருக்கிறது. லாட் எண், எடை, நிறத்தின் அடர்த்தி, மிஷின், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், கழுவலின் வகை, அதற்குப் பிடித்த தண்ணீர் ஆகிய எட்டுப் பத்திகளை எல்லாப் பட்டறைகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும். 1956 முதல் கோவையில் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் போன்ற பொது அமைப்பு ஒன்று அப்படியொரு படிவத்தை வகுத்துக் கொடுத்தால் மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம். தங்கள் கட்டுரையாளர் அடுத்து இப்பக்கம் வரும்போது, எந்த சர்வர் அறைக்கும் போகாமல், ஒரு பட்டறையின் வாஷ் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
சாயப்பட்டறைத் திட்டமிடல் பணியாளர் ஒருவர்,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.